கையெழுத்துப் போடாத ஐந்து பேர்

அத்தியாயம் 11

கதவு என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை. சென்ற வார அத்தியாயத்தில் அப்பா அதை அறைந்து சாத்திய வேகத்தில், கீழே ஜெராக்ஸ் கடையில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகள் சரிந்தன. அதற்குப் பிறகு மூன்று நாளாக அவர் மகளோடு பேசவில்லை. சாப்பாடு வந்தால் சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், மாடி ஏறிப் போய்விட்டார். கோபத்திலும் தட்டைக் கழுவி வைக்கிற மனிதரோடு சண்டை போடுவது மகா கஷ்டம்.

இடையில் ஒன்றிரண்டு வாரம் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஊர் நடுவில் போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. பழைய கல் விரிசல் விட்டுவிட்டதால் புதிதாக ஒன்று செதுக்குகிறார்கள், நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு. விழாக் குழுவின் பழைய காகிதங்கள் மகளின் கடைக்கு நகலெடுக்க வந்தன. ஊரார் வீட்டுக் காகிதத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் அந்த ஒரு நொடியில் முழுதாகப் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. இரண்டு தாள்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் பிரித்தாள். அதில் அவளுடைய அப்பாவைப் பெற்றவரின் பெயர் இருந்தது. 'போர்முனையில் இறந்தார். மனைவி கையெழுத்திட மறுப்பு' என்று எழுதியிருந்தது.

பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போனவர் என்று ஊரும் வீடும் எழுபத்தொன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்தக் கைக்குழந்தைதான் இப்போது எண்பது வயதில் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருக்கிறது.

பெயர் கல்லில் ஏற வேண்டுமானால் நெருங்கிய வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். இது குழுவின் விதி. வாரிசு போட மாட்டேன் என்கிறார். மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

காலை ஏழரைக்கு அப்பா வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மகள் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மூணாவது தடவையா கேட்கறேன், அப்பா."

"நாலாவது. நேத்து தட்டு வைக்கும்போது தொண்டையைக் கனைச்சே. அதையும் சேர்த்துக்க."

மூன்று நாள் கழித்துப் பேசிய முதல் பேச்சு இது. மகளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"கல்லுல ரெண்டு வரிசை. ஒண்ணுல பன்னெண்டு பேர், இன்னொண்ணுல பதினொண்ணு. இருபத்து நாலாவது இடம் காலியாத்தான் கிடக்கு. நீங்க போடலைன்னா அந்த இடத்துல ஒரு பூ செதுக்கப் போறாராம் கல்வெட்டுக்காரர்."

"செதுக்கட்டும். பூ நல்லதுதானே."

"உங்களைப் பெத்தவர் செத்துப்போன இடத்துல பூவா?"

அப்பா எண்ணெய்க் குப்பியை மூடினார். முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர் அவர். ஒரு நாள்கூட ஒரு நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்ததில்லை, ஒரு நிறுத்தத்தையும் தாண்டிப் போனதில்லை. ஓடிப்போனவன் மகன் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி ஓட்டினார் என்பது மகளுக்குத் தெரியும்.

"நான் இதுல கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்னு யோசிச்சியா?" என்றார். "எங்கப்பா ஓடிப்போகலை. சரி, சந்தோஷம். அப்ப எங்கம்மா? வாசல்ல வந்து நின்னு சொல்லியிருக்காங்க, உன் புருஷன் செத்துட்டார்னு. அதைக் காதால கேட்டவ என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலை. பள்ளிக்கூடத்துல 'ஓடிப்போனவன் மகனே'ன்னு கூப்பிட்டு என் பையைக் கால்வாயில வீசினாங்க. அழுதுகிட்டே வந்தேன். பையைக் கழுவினா, புஸ்தகத்தை ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சுக் காயப்போட்டா. வாயைத் திறக்கலை."

அப்பா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் எனக்குத் துரோகம் பண்ணியிருக்கணும். அது அப்பாதான்னு வெச்சுகிட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இப்ப வந்து அதை அம்மான்னு மாத்திக்கச் சொல்றே. என்னால முடியாதும்மா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் படிவத்தோடு வாசலிலேயே நின்றாள். பிடிவாதம், வயசான வீம்பு என்றெல்லாம் மூன்று நாளாக மனசுக்குள் அவரைத் திட்டியிருந்தாள். தம்பியிடம் போனில் வேறு திட்டியிருந்தாள். இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா பயந்துகொண்டிருக்கிறார், தனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆளையும் இழந்துவிடுவோமோ என்று.

கடையைத் திறந்தாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது. நாளை விழாவில் கொடுக்க இருநூறு மலர்ப் புத்தகங்கள் அடித்து, மடித்து, பின் போட வேண்டும். இயந்திரம் சூடேறி முதல் தாளைத் துப்புவதற்குள் விழாக் குழுத் தலைவர் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள், மீதிப் பேர் அடி வாங்கியவர்களைப் பார்த்துத் திருந்தியவர்கள். இந்த வயதிலும் அவர் கடைக்குள் நுழைந்தால் மகளின் கை தானாகவே தலைமுடியைச் சரிசெய்துகொள்ளும்.

"கடைசிப் பக்கம் அடிச்சாச்சா?"

"இன்னும் இல்லை சார். அதுலதான் பேர் வரிசை இருக்கு. ஒரு பேர் சேர வேண்டியிருக்கு."

"கையெழுத்து வந்தாத்தான் சேரும்."

"நான் பேத்தி. நான் போடறேனே சார். அத்தாட்சி இருக்கு, நீங்க கொடுத்த கட்டுலதான் இருந்துது."

"மகன் உயிரோட இருக்கார். அவர்தான் போடணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டுக்கு ஒரு விதி, இன்னொரு வீட்டுக்கு ஒரு விதின்னு என்னால வெக்க முடியாதும்மா."

கடுப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு உடனே போகாமல், மேஜை மேல் இருந்த அந்தப் பழைய தாளை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

மதியம் வரை மகள் அடித்தாள், மடித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. தம்பி நினைவுக்கல் பக்கம் மைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் எலக்ட்ரீஷியன், வாய் மட்டும் நாலு வக்கீலுக்குச் சமம். அரை மணிக்கு ஒருமுறை அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கல்வெட்டுக்காரர் சாப்பிடப் போயிருக்கார்."

"அக்கா, வந்துட்டார். நல்லா சாப்பிட்டிருப்பார் போல, தெம்பா இருக்கார்."

"அக்கா, பூவுக்குப் பென்சில்ல கோடு போட்டாச்சு. அஞ்சு இதழ். நானே சொல்லக் கூடாது, அழகாத்தான் இருக்கு."

"வாயைக் கழுவுடா. அவர்கிட்டே ஏதாவது பேச்சுக் கொடுத்து இழுத்துப் பிடி."

"காலையிலேர்ந்து அதைத்தானே பண்றேன். அந்த மனுஷன் கேட்டுகிட்டே செதுக்கறார்."

மணி மூன்றைத் தாண்டியது. மகள் அந்தத் தாளை எத்தனையாவது தடவையாகவோ எடுத்துப் படித்தாள். அதிகாரி அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்து. மனைவி கையெழுத்திட மறுப்பு. அதற்குக் கீழே மை மங்கி ஒரு வரி இருந்தது. இத்தனை நாள் அது தேதி என்று நினைத்திருந்தாள். தாளைக் கண்ணாடியில் வைத்து, கறுப்பைக் கூட்டி ஒரு நகல் எடுத்தாள்.

'இத்தெருவில் இது ஐந்தாவது மறுப்பு.'

மகள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் மறைத்தாள் என்றால் நம்பலாம். ஒரே தெருவில் ஐந்து பெண்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, ஒரே காரியத்தை ஏன் செய்ய வேண்டும்?

பாட்டி குடியிருந்த அந்தத் தெருவில் அந்தக் காலத்திலிருந்து இடம் மாறாமல் இருப்பது ஒரே ஒரு குடும்பம்தான். 'பத்து நிமிடத்தில் வருவேன்' அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு, படிவத்தையும் நகலையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அந்தக் குடும்பம் நடத்துவது முடிதிருத்தும் கடை. பலகையில் ஏதோ அழகான பெயர் எழுதியிருக்கிறது, யாரும் படித்ததில்லை. ஊருக்கு அது 'செத்தவர் சலூன்'. இப்போதைய சலூன்காரரின் தகப்பனார் போரில் இறந்துவிட்டதாகக் காகிதம் வந்து, கல்லிலும் பெயர் ஏறி, பிறகு ஒரு நாள் தோளில் பையோடு சாவகாசமாக நடந்து வந்து சேர்ந்தார். வந்தவர் நாற்பத்திரண்டு வருடம் உயிரோடு இருந்தார். தன் பெயருக்குக் கீழே உட்கார்ந்து தினமும் பேப்பர் படித்தார். அவருடைய மரணச் சான்று சட்டம் போட்டு, நிலைக்கண்ணாடிக்கு மேலே இன்றும் தொங்குகிறது. எங்கப்பா செத்து மூணு வருஷம் கழிச்சுப் பிறந்தவன் நான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார் மகன்.

மகள் உள்ளே நுழைந்தபோது சுழல் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கழுத்து வரை வெள்ளைத் துணி, முகமெல்லாம் நுரை. சலூன்காரர் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்துக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு என்று சொல்ல முடியாது. அப்பா நாலு வகுப்பு மேலே. ஆனால் கால்வாயில் விழுந்த பையை இறங்கி எடுத்துக் கொடுத்தது அந்தச் சின்னவன்தான், அன்றிலிருந்து வாடா போடா.

அப்பா கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார். "இங்கேயுமா?"

"உங்ககிட்டே கேட்க வரலை. மாமாகிட்டே ஒண்ணு கேட்கணும்." சலூன்காரர் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க தெருவுல அஞ்சு பொம்பளைங்க கையெழுத்துப் போட மாட்டேன்னாங்களா?"

சலூன்காரரின் கத்தி நின்றது. பிறகு மறுபடி மெதுவாக நகர்ந்தது.

"கேட்டுட்டியா," என்றார். "யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்தேன்."

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார்.

"அசையாதே. கழுத்துல கத்தி இருக்கு. உன்கிட்டே இதைப் பேச எனக்கு இதை விட்டா வேற வழி இல்லை. உங்கப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறவன் நீ. ஒரு தடவை பாதி கிராப்போட போனே, ஞாபகம் இருக்கா? ஊரே என் தொழிலைப் பத்திச் சிரிச்சுது."

அப்பா அசையவில்லை.

"எங்கப்பா செத்த காகிதம் வந்துது. எங்கம்மா அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டா. நாப்பது நாள் கழிச்சு மனுஷன் வந்து நிக்கறார். சந்தோஷம்தான். ஆனா அதிகாரிங்க ஒத்துக்கலை. உன் பெண்டாட்டியே கையெழுத்துப் போட்டுட்டா, நீ செத்தது செத்ததுதான்னுட்டாங்க. எங்கம்மாவுக்கு அது மனசுல தங்கிடுச்சு. நான்தான் என் புருஷனைக் கையெழுத்துப் போட்டுக் கொன்னுட்டேன்னு குழாயடியில அழுதிருக்கா. தெருப் பொம்பளைங்க எல்லாரும் கேட்டுட்டு நின்னாங்க."

கத்தியைத் துணியில் துடைத்தார்.

"அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல அஞ்சு வீட்டுக்குக் காகிதம் வந்துது. அஞ்சு பேரும் பேசி வெச்சுகிட்டாங்க. கையெழுத்துப் போட்டாத்தானே சாவு, போடறதே இல்லைன்னு. உங்கம்மா அஞ்சாவது. அப்ப அந்தக் காகிதத்தைக் கையில கொடுக்க மாட்டாங்கடா. போட்டாத்தான் கொடுப்பாங்க. போடலைன்னா வாசல்ல வாசிச்சுட்டுத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்கம்மா உன்கிட்டே எதை மறைச்சா? காட்டறதுக்கு அவகிட்டே என்ன இருந்துது?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் அப்பா. உதடு அதிகம் அசையாமல் சொன்னார், கத்தி அங்கேதான் இருந்தது.

"என்னன்னு சொல்லுவா? அந்த அஞ்சு பேர்ல மூணு பேர் திரும்பி வந்துட்டாங்க. ஒருத்தர் ஒத்தைக் கையோட வந்தார். ஒருத்தர் எதிரி ஜெயில்லேர்ந்து வந்தார். ஒருத்தர் எந்த ஆஸ்பத்திரியிலயோ பேர் தெரியாம கிடந்து வந்தார். மூணு வீட்டுல ஆள் வந்தாச்சு. அடுத்து நம்ம வீடுதான்னு அவ இருந்தா. அதுல என்ன தப்பு?"

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணும் கேளு. எங்கம்மா உங்கம்மாகிட்டே நேராவே கேட்டிருக்கா. ஊர் உன் புருஷனை ஓடிப்போனவன்னு சொல்லுது, பையனை அழ வைக்குது, நீ ஏன் சும்மா இருக்கேன்னு. அதுக்கு உங்கம்மா சொன்னதை எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா."

"என்ன சொன்னா?"

"ஓடிப்போனவர்னா திரும்பி வரலாம். செத்துட்டார்னு சொல்லிட்டா எப்படி வருவார்? ஊர் அப்படியே பேசட்டும், எனக்கு அதுதான் வேணும்னு சொன்னாளாம்."

 மகள் கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூசி, மேலே தொங்கிய மரணச் சான்றைப் பார்த்தாள். அப்பா அழுதார். நுரை இல்லாத கன்னத்தில் ஒரு கோடு இறங்கியது, நுரை இருந்த கன்னத்தில் ஒரு வழி உண்டானது. அவர் தன் மகளுக்கு முன்னால் அழுது அவள் பார்த்ததில்லை, மனைவி போன அன்றுகூட இல்லை.

"பையை மட்டும் கழுவிக் கொடுத்தா," என்றார். "புஸ்தகத்தை ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சா."

சலூன்காரர் அவர் தோளைத் தட்டினார்.

அப்பா வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். எழுந்தார். "காகிதம் எங்கே?"

மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாதிதாண்டா முடிஞ்சிருக்கு," என்றார் சலூன்காரர்.

"மீதியை வந்து முடிச்சுக்கறேன். மணி என்ன?"

"நாலு இருபத்தஞ்சு," என்றாள் மகள்.

எண்பது வயது மனிதர் சைக்கிளில் ஏறி மிதித்தார். ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் நுரையோடு. தெருவில் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் ஒதுங்கி வழி விட்டார்கள். மகள் பின்னால் ஓடினாள், கடையைச் சாத்தக்கூடத் தோன்றாமல் சலூன்காரரும் ஓடினார்.

நினைவுக்கல் முன்னால் தம்பி, மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' சொல்லிக்கொண்டிருந்தான். கல்வெட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, ஐந்து மணிக்குக் காத்திருக்காமல் பூவின் காம்புக்கு முதல் வெட்டை வெட்டியிருந்தார். இரண்டாவதற்கு உளியை வைத்து, சுத்தியலை ஓங்கியிருந்தார்.

"நிறுத்துங்க."

முப்பத்து நான்கு வருடம் நெரிசலான பஸ்ஸில், பின்படிக்கட்டு வரை கேட்கும்படி அதட்டிய குரல் அது. போதாததற்குத் தம்பியின் மைக் திறந்தே இருந்தது. கடைத்தெரு முழுக்க நான்கு ஒலிபெருக்கியில் 'நிறுத்துங்க' என்று கேட்டது. துணிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார், அப்புறம் அதற்காக வெகுநாள் வருத்தப்பட்டார்.

கல்வெட்டுக்காரரின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

அப்பா சைக்கிளை நிறுத்திப் பூட்டினார். எந்த அவசரத்திலும் பூட்டுவார். பிறகு நேராகத் தலைமையாசிரியரிடம் போய்ப் படிவத்தைப் பிரித்தார். "பேனா கொடுங்க சார்."

தலைமையாசிரியர் அவர் முகத்தைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், பேனாவை நீட்டினார். "போடறதுக்கு முன்னாடி உரக்க வாசிக்கணும். எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க."

தம்பி மைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அப்பா வாயருகே நீட்டினான். அப்பா அவனை முறைத்தார். அவன் அசையவில்லை. இந்த ஜென்மத்தில் அவன் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

அப்பா வாசித்தார். தன் தகப்பனாரின் பெயரைச் சொன்னார். எண்பது வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. 'போர்முனையில் இறந்தவர் என்பதை மகனாகிய நான் உறுதி செய்கிறேன்' என்ற வரி வந்ததும் நின்றார். படிவத்தில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"எங்கப்பா ஓடிப்போகலை. எங்கம்மாவும் எதையும் மறைக்கலை. அவர் வருவார்னு இருந்தா, அவ்வளவுதான். அவ போடாத கையெழுத்தை இப்ப நான் போடறேன். அவ கோவிச்சுக்க மாட்டா. ஊர்ல யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

 டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், பையைக் கால்வாயில் வீசியவர்களில் கடைசியாக உயிரோடு இருப்பவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்பா அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போட்டார். பெரிதாக, நடுக்கமில்லாமல்.

அப்புறம் ஒரு சிக்கல். பூவின் காம்புக்கு வெட்டிய வெட்டு கல்லில் விழுந்தாயிற்று, அதை இனி அழிக்க முடியாது. கல்வெட்டுக்காரர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். பென்சிலை எடுத்தார், எழுத்துகளை அரை விரல் தள்ளி எழுதிப் பார்த்தார். முதல் எழுத்தின் நேர்க்கோடு சரியாக அந்த வெட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

"இனிமே பூன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது," என்றார். அன்று முழுவதும் அவர் பேசிய ஒரே வாக்கியம் என்று தம்பி பிற்பாடு சொன்னான்.

உளி விழுந்தது. கல்தூள் பறந்தது. அப்பா பக்கத்திலேயே நின்றார். உட்காருங்கள் என்று யாரோ நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. மகள் கடைக்கு ஓடி, கடைசிப் பக்கத்தில் இருபத்து நாலாவது பெயரைச் சேர்த்து இருநூறு பிரதி அடித்து, சூடு ஆறாத கட்டோடு திரும்பி வந்தாள். கடைசி எழுத்து முடிந்திருந்தது. அப்பா ஈரத் துணியால் தூளைத் துடைத்தார். பெயரை ஒரு முறை விரலால் தடவிப் படித்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, மூன்று நாள் கோபத்துக்கும் சேர்த்துச் சிரித்தார். மகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், காய்ந்த சோப்பு நுரை அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம், கத்த வேண்டும்போல் இருந்தது.

"நாளைக்கு ஒவ்வொரு பேரும் கூப்பிடும்போது அந்த வீட்டு ஆள் எழுந்து நிக்கணும்," என்றான் தம்பி. "நம்ம வீட்டுல யாரு நிக்கறது?"

"என்னடா கேள்வி. நான்தான். நீ மைக்கைப் பாரு."

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். இரண்டு வரிசையும் நிறைந்துவிட்ட கல்லை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் போனார்.

"சார், அஞ்சு பேர் கையெழுத்துப் போடலை. மூணு பேரோட வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. ஒருத்தர் எங்கப்பான்னு ஆயிடுச்சு. மீதி ஒருத்தர் யாரு?"

தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அதே படிவம்தான். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது, கையெழுத்து இடம் காலி.

"எங்க அத்தையோட வீட்டுக்காரர்," என்றார். "கல்யாணமாகி நாலு மாசத்துல போனவர்."

"அத்தை எப்ப தவறினாங்க?"

"தவறலை. தொண்ணூத்தாறு வயசு. எங்க வீட்டுலதான் இருக்காங்க. அவங்க இருக்கும்போது நான் எப்படிப் போட முடியும்? அதனாலதான் உங்க விஷயத்துலயும் விதியைத் தளர்த்தலை." "இன்னைக்குக் காலையிலயும் போய்க் கேட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

"நான் கையெழுத்துப் போட்ட மறுநாள் அவர் வந்து வாசல்ல நின்னா, நீ என்னடா பதில் சொல்லுவேன்னு கேட்கறாங்க."

அப்பா அந்தக் காலிப் படிவத்தைப் பார்த்தார். பிறகு போய்ச் சைக்கிள் பூட்டைத் திறந்தார்.

"வீட்டைக் காட்டுங்க சார்," என்றார்.